பெயின்ட் இல்லை, பைப்தான் குற்றவாளி

இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு லிட்டர் பெயின்ட்டும் போனதுதான் மிச்சம். சொந்தமாகச் செய்யும் ஸ்பீக்கருக்கு 18 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பெட்டி இரண்டு. ஒன்றுக்குப் பட்டி பார்த்து, 600 நம்பர் உப்புத்தாள் வரை தேய்த்துக் கண்ணாடி மாதிரி பளபளப்பாக்கினேன். மற்றதற்கு ஆரஞ்சுத்தோல் போலப் பொரிப்பொரியாக டெக்ஸ்சர் பெயின்ட். சொரசொரப்பு ஒலியைச் சிதறடித்து, கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரின் எரிச்சலைக் குறைக்கும் என்பது என் சொந்தச் சித்தாந்தம். அதே டிரைவர்களை (ஒலி எழுப்பும் பாகங்களை) மாற்றிப் பொருத்தி, ஒரு மீட்டரில் மைக் வைத்து அளந்தால் இரண்டு பெட்டியின் கிராஃப் கோடும் ஒன்றின் மேல் ஒன்று அப்பிக்கொண்டு கிடக்கின்றன.

10 கிலோஹெர்ட்ஸின் அலைநீளமே 3.4 செ.மீ. அரை மில்லிமீட்டர் பொரியை அது கண்டுகொள்ளவா போகிறது? முன்பலகை விளிம்பை 20 மி.மீ. உருட்டியதும் ட்வீட்டர் தகட்டைப் பலகையோடு சமமாக இறக்கியதும்தான் கிராஃபில் தெரிந்தன.

சொரசொரப்பு வேலையைக் காட்டியது போர்ட்டில், அதாவது பெட்டிக்குள் காற்று போய்வரும் குழாயில். 63 மி.மீ. பிவிசி பைப், ரம்பத்தில் அறுத்தது. 40 ஹெர்ட்ஸ் கொடுத்துச் சத்தத்தை ஏற்றினால் சைக்கிள் பம்ப் போலப் புஸ் புஸ். பிசிறை வழித்ததும் பாதி அடங்கியது. மீதிக்கு வாயை விரிக்க வேண்டும். முதலில் கேஸ் அடுப்பில் காட்டிக் கருக்கினேன். பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், வீட்டுக்குள் செய்யாதீர்கள். அப்புறம் மொட்டை மாடியில் ஹீட் கன். பைப்பைச் சுழற்றிக்கொண்டே சூடேற்றி, நுனி துவண்டதும் கவிழ்த்த எவர்சில்வர் கிண்ணத்தின் மேல் நேராக அழுத்தி, ஈரத்துணி போட வேண்டும். இந்த 'நேராக' என்பதில்தான் மூன்று பைப் போயிற்று. ஒரு பக்கம் கொஞ்சம் கூடச் சூடேறினாலும் வாய் கோணிக்கொள்கிறது. நான்காவது சரியாக வந்தது. புஸ் நின்றது, ஆனால் இம்பீடன்ஸ் (ஸ்பீக்கரின் மின்தடை) அளந்தால் டியூனிங், அதாவது போர்ட் ஒத்ததிரும் அதிர்வெண், 41-லிருந்து 43 ஹெர்ட்ஸுக்கு ஏறியிருக்கிறது. விரித்த பைப் கொஞ்சம் நீளமாகவே வேண்டும்.

பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் ஸ்பீக்கர் நிறுவனத்தார் காற்று இரைச்சலைக் குறைக்கத் தங்கள் போர்ட் வாயில் கோல்ஃப் பந்துக் குழிகள் போடுவார்கள். நானும் ட்ரில்லைக் கையில் எடுத்தேன். மூன்று பைப் நினைவுக்கு வர, கீழே வைத்துவிட்டேன்.

சென்னை ரிச்சி தெருவில் கிராஸ்ஓவர் (ஒலியை டிரைவர்களுக்குப் பிரித்து அனுப்பும் சர்க்யூட்) பாகம் எல்லாம் கிடைத்தது, இந்த அளவில் விரிந்த வாய் போர்ட் மட்டும் நான் ஏறிய கடைகளில் இல்லை.

பெட்டிக்கு உள்ளே இருக்கும் முனை இன்னும் விரிக்கப்படவில்லை. அதற்குள் கனத்த ஒலிக்கான 10 இன்ச் சப்-ஊஃபருக்குப் பிளைவுட் அறுக்கக் கொடுத்தாயிற்று. அதற்கு 110 மி.மீ. பைப். அந்த அளவுக்குக் கிண்ணம் கிடையாது, வாணலியைத்தான் கவிழ்க்க வேண்டும். அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.