கட்டு அவிழ்ந்த பிறகும் காதுக்குள் இருந்த கட்டு

செவிப்பறை ஓட்டையை அடைக்கும் அறுவை சிகிச்சை முடிந்து கண்விழித்தபோது, தலையைச் சுற்றி நெற்றி வரை ஒரு பெரிய கட்டு இருந்தது. காதுக்குப் பின்புற மடிப்பை ஒட்டிக் கீறி, அங்குள்ள தசையின் மேலுறையிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துச் செவிப்பறையில் ஒட்டவைத்திருந்தார்கள். அவ்வளவு சிறிய வேலைக்கு இவ்வளவு பெரிய தலைப்பாகை எதற்கு என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

மறுநாள் கட்டைப் பிரித்த செவிலியரிடம் கேட்டபோது விளங்கியது. கீறிய இடத்தில் தோலுக்கு அடியில் இரத்தம் தேங்காமல் இருக்கவே அந்த அழுத்தம். ஆனால் காதுமடலை அப்படியே தலையோடு சேர்த்து இறுக்கிவிடக் கூடாது. மடலுக்குப் பின்னால் மடித்த காஸ் துணியை அணைகொடுத்து, முன்பக்கத்து மேடுபள்ளங்களில் பஞ்சை நிரப்பி, அதன் மேல்தான் பேண்டேஜைச் சுற்ற வேண்டும். மடலிலுள்ள குருத்தெலும்புக்குத் தனியாக இரத்தக்குழாய் கிடையாது, தன்மேல் போர்த்தியிருக்கும் உறையிலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. எனவே மடிந்து நசுங்கினாலோ உறைக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே இரத்தம் கட்டினாலோ மடலின் வடிவமே கெட்டுவிடக்கூடும். நெற்றியில் கட்டுக்குக் குறுக்கே ஒரு நாடாவை முடிந்திருந்தார்கள். அலங்காரம் என்று நினைத்திருந்தேன். கட்டு சரிந்து கண்ணை மறைக்காமல் தூக்கிப் பிடிக்கத்தானாம்.

கட்டு போனதும் எல்லாம் முடிந்தது என்று எண்ணியதுதான் என் பிழை. உண்மையான கட்டு காதுக்குள் இருந்தது. ஒட்டிய துண்டு நழுவாமலிருக்க, தானாகக் கரையும் ஜெலட்டின் பஞ்சுத் துணுக்குகளைச் செவிப்பறையை ஒட்டியும், அதற்கு வெளியே மருந்து தோய்ந்த நாடாத் துணியையும் அடைத்திருந்தார்கள். சிலருக்கு வைக்கப்படும் பிஸ்மத்தும் அயோடோஃபார்மும் கலந்த மஞ்சள் களிம்பு, முதல் உலகப் போரின்போது காயங்களுக்குப் பயன்பட்ட பழைய மருந்து. அதே மருந்து எனக்கும் வாய்த்ததால், அந்த வாடையை நாள் முழுவதும் சகித்துக்கொண்டிருந்தேன். காது அடைத்தே இருந்தது, அவ்வப்போது உள்ளே ஏதோ வெடிப்பதுபோல் ஒலித்தது. அடைப்பு இருக்கும்வரை அது இயல்பு என்று தெரியாமல் நான் பட்ட கவலை கொஞ்சமல்ல.

அந்த நாட்களில் காதுக்குள் தண்ணீர் புகக் கூடாது. குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சைக் காதுத் துளையில் வைத்துக்கொண்டேன். மூக்கை அழுத்திச் சிந்தினால் காற்று நடுக்காதுக்கு ஏறி ஒட்டிய துண்டைத் தள்ளிவிடும் என்பதால், தும்மலைக்கூட அடக்காமல் வாயைத் திறந்தே தும்மப் பழகினேன். வெளியே வைத்த பஞ்சில் இளஞ்சிவப்பாகக் கசிவது முதல் சில நாட்களில் எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் பஞ்சு நனைந்துகொண்டே இருந்தாலோ, சீழ் நாற்றம் வந்தாலோ, காய்ச்சலோ தலைச்சுற்றலோ கண்டாலோ, அந்தப் பக்கத்துக் கண்ணை மூட முடியாமல் முகம் கோணினாலோ உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். உள்ளிருக்கும் துணியின் முனை வெளியே தெரிந்தால் இழுக்கக் கூடாது; நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை வேண்டுமானால் மருத்துவமனையில் வெட்டிக்கொடுப்பார்கள்.

ஒரு வாரத்தில் தையலைப் பிரித்தார்கள். உள்ளடைப்பை எடுத்தது மூன்றாவது வாரத்தில்தான். உறிஞ்சுகுழாயின் இரைச்சல் மண்டையைத் துளைத்தது, சில நொடிகள் அறையே சுழன்றது. அதன் பிறகும் கேட்கும் திறனை அளந்து பார்க்கச் சில வாரங்கள் பொறுக்கச் சொல்லி, சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார் மருத்துவர்.