எங்கள் விவாத அணி பழகிய முறை

யாழ்ப்பாணத்தில் எங்கள் கல்லூரி விவாத அணிக்கு ஒரு பெயர் இருந்தது. குரல் வளத்தில் எங்களை விஞ்சியவர்கள் மற்றக் கல்லூரிகளில் நிறையவே இருந்தார்கள். தமிழ் படிப்பித்த சேர் பழக்கிய முறைதான் எங்களைக் காப்பாற்றியது. இங்கே தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்குத் தயார்செய்யும் பெற்றோர் பலர், எழுதிக்கொடுத்துப் பாடமாக்க வைப்பதோடு நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை மலருக்கு எழுதுகிறேன்.

நன்னூல் பாயிரத்தில் எழுவகை மதம் என்று ஒரு சூத்திரம் வரும்; மதம் என்றால் இங்கே கொள்கை. உயர்தர வகுப்பில் அதைப் பரீட்சைக்குப் பாடமாக்கிவிட்டு மறந்துபோவது வழக்கம். சேர் அதை விவாத மேடைக்கு எடுத்துவந்தார். உடன்படல், மறுத்தல் ஆகிய முதல் இரண்டும் யாருக்கும் வரும். மூன்றாவதுதான் பழகி வரவேண்டியது: ‘பிறர்தம் மதமேற்கொண்டு களைவு’. எதிரணியின் கருத்தை முதலில் கையில் எடுத்து, அதற்குரிய மதிப்பைக் கொடுத்து, அதன் பிறகு களைவது.

இதற்கு எங்களிடம் நேரக் கணக்கே இருந்தது. ஒருவருக்கு மூன்று நிமிடம். மேடையில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொல் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 300 சொல். அதில் முதல் 40 சொல்லும் எதிரணிக்கு. அவர்கள் சொன்னதை அவர்களைவிடத் தெளிவாகச் சொல்லவேண்டும். அடுத்த ஒரு வசனத்தில் அதில் எது உண்மையோ அதை ஒப்புக்கொள்ளவேண்டும். அதற்குப் பிறகுதான் ‘ஆனால்’.

கிராம வாழ்வைவிட நகர வாழ்வே சிறந்தது என்பது தலைப்பு என்று வைப்போம். நகரத்துக்காகப் பேசுபவர், கிராமத்தில் அயலவர் துணை உண்டு என்ற வாதத்தைக் கேலி செய்தால் சபை அவரை விட்டு விலகிவிடும். செத்தவீடு என்றால் கூப்பிடாமலே ஊர் வந்து நிற்கும், அது பெரிய பலம் என்று அவர் மனதாரச் சொல்லட்டும். அதே அயல்தான் யார் யாரோடு கதைக்கிறார், எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறது என்றும் கணக்கெடுக்கிறது என்று அடுத்த வசனத்தில் திருப்பினால், எதிரணியின் பலமே அவருடைய சான்றாகிவிடும்.

இதில் பிழைக்கும் இடங்கள் இரண்டு. எதிரணி சொல்லாததை அவர்கள் தலையில் கட்டி அடிப்பது முதலாவது. நடுவர் கையிலும் குறிப்பு இருக்கிறது. அடுத்து வருபவர் “நாங்கள் அப்படிச் சொல்லவில்லை” என்ற ஒரே வசனத்தில் உங்கள் ஒரு நிமிடத்தை அழித்துவிடுவார். இரண்டாவது, ஒப்புதலை நீட்டுவது. ஒரு வசனத்தைத் தாண்டினால் நீங்கள் அவர்களுக்காகப் பேசியதாகிவிடும்.

மறுப்பை எந்த இடத்தில் வைப்பது என்பதற்கு மணிமேகலையின் 29ஆம் காதையைக் காட்டுவார் சேர். ‘இம்மலை நெருப்புடைத்து’ என்பது பக்கம், அதாவது நிறுவவேண்டிய முடிவு. ‘புகையுடைத்து ஆதலால்’ என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களை போல என்பது திருட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. கொப்பி ஒற்றையை நெடுக்காக மடித்து, இடப்பக்கம் எதிரணியின் ஒவ்வொரு கருத்துக்கும் இந்த மூன்றையும் மூன்று வரியில் குறிப்போம். வலப்பக்கம் எங்கள் பதில். முழு வசனமாக எழுதப் போனால் அடுத்த கருத்து காதில் விழாது; ஆகவே வரிக்கு மூன்று நான்கு சொல் போதும்.

பிறகு எதைத் தாக்குவது? பக்கத்தைத் தாக்கினால் ‘ஆம்’, ‘இல்லை’ என்று மாறி மாறிக் கத்தலாம், வேறொன்றும் நடக்காது. எடுத்துக்காட்டைத் தாக்கினால் அவர்கள் இன்னொன்று கொண்டுவருவார்கள். ஏதுவைத் தாக்கினால்தான் மற்ற இரண்டும் ஆடும். நீங்கள் கண்டது புகைதானா? ஆவியோ பனியோ என்ற ஐயம் இருக்கும்போதே நெருப்பு உண்டென்று துணிவது குற்றம் என்று அந்தக் காதையே சொல்கிறது. எதிரணியின் காரணம் உண்மையா, உண்மையானாலும் அந்த முடிவுக்குக் கொண்டுபோகிறதா என்று இரண்டு கேள்வி கேட்டால் பெரும்பாலான வாதங்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

அளவுகோலை முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வைப்பது இன்னொரு நுட்பம். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் கண்ணகி எடுத்தவுடன் சிலம்பை உடைக்கவில்லை. தன் சிலம்புக்குள் இருக்கும் பரல் மாணிக்கம் என்கிறாள். தங்களுடையது முத்து என்று பாண்டியன் தன் வாயாலேயே சொல்லுகிறான். சோதனை எது என்பதில் இருவரும் ஒன்றுபட்ட பிறகே சிலம்பு உடைகிறது. அதனால்தான் அவனால் மறுபேச்சுப் பேச முடியவில்லை. சான்றும் அப்படித்தான்: எதிரில் இருப்பவர் ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட சான்றுக்குத்தான் வலு. ஆறுமுக நாவலர் 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், சைவக் கிரியைகளைப் பழித்தவர்களுக்கு விவிலியத்திலிருந்தே மேற்கோள் காட்டிப் பதில் சொன்னார். விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்தவர் என்பதால் எதிர்த்தரப்பின் நூலை அவர்களுக்குச் சமமாக அறிந்திருந்தார்.

உச்சரிப்பு, கையசைவு பற்றி எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். யாரும் கவனிக்காத ஒன்று, வசனத்தின் கடைசிச் சொல். தமிழில் வினை கடைசியில் வருகிறது. ‘இல்லை’, ‘அல்ல’, ‘முடியாது’ எல்லாம் அங்கேதான். மூச்சுக் குறைந்து குரல் இறங்குவதும் அதே இடத்தில்தான். பின்வரிசைக்கு அந்தச் சொல் கேட்காவிட்டால் சொன்னதற்கு நேரெதிர் போய்ச்சேரும். ஆகவே ஒரு வசனம் 12 சொல்லைத் தாண்டக்கூடாது, கடைசிச் சொல்லுக்கு மூச்சை மிச்சம் வைக்கவேண்டும் என்பது எங்கள் அணியின் சட்டம். பயிற்சியின்போது மண்டபத்தின் கடைசி வாங்கில் ஒருவர் இருந்து, கடைசிச் சொற்களை மட்டும் குறிப்பார். சபை பதைப்போடு காத்திருக்கும் செய்தி என்றால் வினையை முன்னுக்குக் கொண்டுவரலாம். கம்பனின் அனுமன் ‘கண்டனென்’ என்று தொடங்குவது இதற்காகத்தான். ஆனால் ஒரு பேச்சில் அதை ஒரு தடவைக்கு மேல் செய்தால் நாடக வசனமாகிவிடும்.

தொகுப்புரையில் புதுக் கருத்து வரக்கூடாது. எதிரணிக்குப் பதில் சொல்ல வாய்ப்பில்லாத இடத்தில் புதிதாக ஒன்றைச் சொல்வது முறையும் அல்ல, நடுவர் அதைக் கணக்கில் எடுப்பதும் இல்லை. இரு அணியும் உண்மையில் மோதிய இரண்டு இடங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் அவர்கள் சொன்னது, நாங்கள் சொன்னது, எது நின்றது என்று மூன்று வசனத்தில் முடிக்கவேண்டும்.

வீட்டில் பிள்ளைகளோடு பழகுவதற்கு மேடை தேவையில்லை. ஒரு தலைப்பைக் கொடுத்து இரண்டு நிமிடம் ஒரு பக்கம் பேசவிடுங்கள். உடனே அதே பிள்ளை மறுபக்கம் இரண்டு நிமிடம் பேசவேண்டும். தொடக்கத்தில் இரண்டாவது பேச்சு முப்பது விநாடியில் நின்றுவிடும். அங்கே எழுதிக்கொடுத்து உதவாதீர்கள். எதிர்ப்பக்கத்துக்கு உள்ள மிக நல்ல காரணம் எது என்று மட்டும் கேளுங்கள்.