அக்ரிலிக் தகட்டைப் பிசிறின்றி வெட்டுதல்

அக்ரிலிக் தகட்டை வெட்டும்போது விளிம்பு கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் வெப்பமே காரணம். ஏறத்தாழ 105 டிகிரி செல்சியஸிலேயே அது இளகத் தொடங்கிவிடுவதால், ஜிக்சா என்னும் மின்ரம்பத்தை முழு வேகத்தில் ஓட்டினால், உருகிய துகள்கள் பிளேடு கடந்துபோன இடைவெளியில் படிந்து, வெட்டிய இரு துண்டுகளும் மீண்டும் ஒட்டிக்கொள்வதுண்டு. வேகத்தைக் குறைத்து, பிளேடை ஓரிடத்தில் நிறுத்தாமல் சீராகத் தள்ளிச் செல்ல வேண்டும். தகடு அதிராதபடி வெட்டுக்கோட்டின் இருபுறமும் கிளாம்ப் போடுவதும் அவசியம்.

3 மில்லிமீட்டர் வரையிலான தகட்டில் நேர்கோடாக வெட்டுவதற்கு மின்கருவியே வேண்டியதில்லை என்பது என் கருத்து. இரும்பு ஸ்கேலை இறுகப் பிடித்துக்கொண்டு, கீறுகத்தியை ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப இழுத்தால், மெல்லிய சுருள் இழைகள் எழும்பி வரும். கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் கண்டதும், கீறிய பக்கம் மேலே இருக்குமாறு கோட்டை மேசை விளிம்போடு பொருத்தி, ஒரே மூச்சில் அழுத்தினால் டக்கென்று முறியும். (பாலிகார்பனேட் என்னும் வேறுவகைப் பிளாஸ்டிக்கிடம் இந்த வித்தை பலிக்காது, அது வளையுமே தவிர முறியாது.)

மேலே ஒட்டியிருக்கும் காப்புத்தாளை வேலை முடியும்வரை உரிக்காதீர்கள். விளிம்பு வழுவழுப்பாக வேண்டுமென்றால், வாட்டர் பேப்பர் எனப்படும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, சொரசொரப்பைக் குறிக்கும் எண் 220, 400, 800 என்ற வரிசையில் தேய்த்தால் போதும்.