இருபத்தொரு பிரேம்

"போச்சுங் மாமா, ரீசெட் பண்ணிட்டான்!"

திருப்பூரில் பனியன் கம்பெனி வாசல், டீ நேரம். அக்கா பையன் கையில் போன். எங்கேயோ ஒருவர் சூப்பர் மாரியோ வீடியோ கேமை வேகமாக முடிக்கப் பார்க்கிறார். முடிப்பாரா, பாதியில் விடுவாரா என்று இங்கே நான்கு பேர், தலைக்கு ஐம்பது ரூபாய் பந்தயம்.

பிரேம் என்றால் திரையில் மாறிமாறி வரும் படங்களில் ஒன்று. அந்த ஆட்டம், ஒரு கட்டம் முடிந்ததா என்று 21 பிரேமுக்கு ஒருமுறைதான் பார்க்கும். ஏறத்தாழ 0.35 நொடி. பஸ் மாதிரி, ஒரு பிரேம் தவறினாலும் அடுத்த பஸ்தான். அப்படிப்பட்டதை 2021-இல் நிஃப்ட்ஸ்கி என்பவர் 4 நிமிடம் 55 நொடிக்குள் முடித்தார். நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும்.

இப்படி ஆட்டங்களை நேரலையில் காட்டும் ட்விட்ச் தளத்தில் பாயின்ட் வைத்துக் கணிக்கலாம், காசு போகாது. அது எனக்கும் பிடிக்கும்.

ஆனால் இன்று மாரியோ பள்ளம் தாண்டும்போது பையன் போனையே பார்க்கவில்லை. எதிரில் இருந்தவன் முகத்தைத்தான் பார்த்தான். ஜீபேயில் ஐம்பதைத் தட்டும்போது கட்டைவிரல் லேசாக நடுங்கியது.

எங்க அப்புச்சியும் சேவல்கட்டுக்குப் போனால் சேவலைப் பார்க்க மாட்டாராம். அமுச்சி சொல்லும்.

அடுத்த ஓட்டம் தொடங்கிவிட்டது. "இன்னும் ஒண்ணே ஒண்ணுங் மாமா" என்கிறான்.