இடமாகச் சுற்றிய எல்லன்

என் மகளுக்கு ஸ்காட்லாந்துப் பழங்கதை ஒன்றைத் தமிழில் சொல்லத் தொடங்கியபோது, ஒரே ஒரு வினையடையில் நான் தடுக்கி நின்றுவிட்டேன். தேவாலயத்தைத் தாண்டி விழுந்த பந்தை எடுக்க ஓடும் எல்லன் என்ற பெண், அந்தக் கட்டடத்தை 'விடர்ஷின்ஸ்' சுற்றியதால் மாய உலகத்து அரசனிடம் சிக்கிவிடுகிறாள். கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிராக என்று அகராதி பொருள் சொல்கிறது. ஆனால் அந்தக் கதையில் சுற்றின் முறையைத் தீர்மானிப்பது சூரியனே அன்றிக் கடிகாரம் அல்ல.

ஓசையை மட்டும் கேட்டால் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பைக் குறிக்கும் 'ஷின்' நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இடைக்கால ஜெர்மானிய மொழியிலிருந்து ஸ்காட்லாந்துக்கு வந்த இச்சொல்லில், 'விடர்' என்பது எதிர், 'சின்' என்பது செல்லும் வழி. இன்று 'உடன்' என்று பொருள்படும் ஆங்கில 'வித்' என்ற சொல்லும் முற்காலத்தில் 'எதிராக' என்றே பொருள்பட்டது என்பதும், எதிர்த்து நிற்பதைக் குறிக்கும் 'வித்ஸ்டாண்ட்' அந்தப் பழம்பொருளை இன்றும் காத்து வைத்திருக்கிறது என்பதும் எனக்குப் பெருவியப்பாக இருந்தன. 1513இல் ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் காவியத்தை ஸ்காட் மொழியில் பெயர்த்து முடித்த காவின் டக்ளஸ், அச்சத்தில் மயிர் குத்திட்டு நின்றதைச் சொல்லவே இச்சொல்லை ஆண்டார். சூரியனுக்கு எதிரான தீய சுற்று என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

இதன் எதிர்ச்சொல்லான, 'வலமாக' என்று பொருள்படும் 'டெஷல்', ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளுள் ஒன்றான கேலிக்குக்கு உரியது. அதன் முற்பகுதி வலப்புறத்தையும் தெற்கையும் ஒருங்கே குறிக்கும். நாம் வழங்கும் 'தட்சிணம்' என்ற வடசொல்லும் அவ்வாறே குறிக்கும், ஏனெனில் கிழக்கு நோக்கி நிற்பவருக்கு வலக்கைப் பக்கம் தெற்கு. இரண்டும் ஒரே மூலத்தில் கிளைத்தவை. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளின் மக்கள் வலக்கையில் தீயை ஏந்தி வீட்டை வலமாகச் சுற்றிவந்த வழக்கத்தை மார்ட்டின் மார்ட்டின் என்ற எழுத்தாளர் 1703இல் வெளியான தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

'அப்பிரதட்சிணம்' என்றால் பொருள் பொருந்தும், ஆனால் ஏழு வயதுக்கு அது கனமான சொல். ஆகவே, "எல்லன் கோயிலை இடமாகச் சுற்றி ஓடினாள்" என்றேன். தெருமுனைப் பிள்ளையாரை என் விரலைப் பிடித்துக்கொண்டே வலம் வந்து பழகியவள், சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து, "ஐயோ, அப்படிச் சுத்தக் கூடாதே!" என்றாள்.