பலகையில் இல்லாத பதினொரு மாதம்

எங்கள் சட்டப் பள்ளியின் ஆண்டு விழா மலருக்கு 'இதுவரை டீன்கள்' என்று ஒரு பக்கம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. சுவரில்தான் பெயர்ப் பலகை இருக்கிறதே! அதைப் பார்த்தே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

புரூஃப் வந்தபோது நூலகர்தான் பிடித்தார். ஒருவர் மே மாதம் ஓய்வு பெற்றிருக்கிறார்; அடுத்தவர் வந்தது மறு ஏப்ரலில். நடுவில் யார்? பழைய கூட்டக் குறிப்பேட்டை எடுத்தோம். பக்கத்துக்குப் பக்கம் ஒரே கையெழுத்து, கீழே 'பொறுப்பு டீன்' என்று ரப்பர் முத்திரை. ஆறு மணிக்கு மூடிய நூலகத்தை இரவு ஒன்பது வரை திறந்து வைக்கும் தீர்மானம் அந்தக் கையெழுத்தில்தான் இருந்தது. பகலில் வேலை, இரவில் படிப்பு என்று அங்கே உட்கார்ந்து தேறியவன் நான்.

டீன் என்றால் வகுப்பில் நான் சொல்வது அமெரிக்காவின் ஹார்வர்டு சட்டப் பள்ளி டீன் லாங்டெல் கதை. 1870இல் பதவிக்கு வந்தவர், விரிவுரையை விட்டுவிட்டு, ஒரு மாணவரை எழுப்பி 'பெய்ன் எதிர் கேவ்' ஏல வழக்கின் சங்கதிகளைச் சொல்லச் சொன்னார். பலர் வகுப்புக்கு வருவதையே நிறுத்தினார்கள். பிறகு அமெரிக்கச் சட்டப் பள்ளிகள் முழுக்க அந்த முறைதான்.

அதே ஹார்வர்டில் 1946 முதல் 1967 வரை டீனாக இருந்த கிரிஸ்வோல்டை எப்படி எடைபோடுவது என்று எனக்கு இன்றும் குழப்பம். 1950இல் அங்கே பெண்கள் சேர்ந்தது அவர் காலத்தில்தான். 1956இல் சேர்ந்த ஒன்பது பெண்களை விருந்துக்கு அழைத்து, ஓர் ஆணுக்குப் போயிருக்க வேண்டிய இடத்தில் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டவரும் அவரேதான். கேட்கப்பட்டவர்களில் ஒருவர், பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க். எலினா கேகன் அங்கே முதல் பெண் டீனாக வர 2003 ஆயிற்று. பலகை இதில் எதைச் சொல்லும்? பெயரையும் ஆண்டையும்தான்.

எங்கள் பொறுப்பு டீனின் பெயரைச் சேர்க்கச் சொன்னேன். "பொறுப்புதானே சார்" என்றார்கள். இரண்டு நாள் மல்லுக்கட்டிய பிறகு, சற்றே சிறிய எழுத்தில் இடம் கிடைத்தது.

அன்று மாலை அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். மலரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நூலகம் இப்பவும் ஒன்பது வரைக்கும் இருக்கா?" என்றார். எட்டுக்கே விளக்கை அணைத்துவிடுகிறார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.