பூட்டி வைத்த வில்லு

தமிழ் சார் போய்விட்டார் என்று குரூப்பில் படம் வந்தபோது மஸ்கட்டில் மதிய ஷிப்ட். "ஆழ்ந்த இரங்கல்" வரிசையாக விழுந்துகொண்டிருந்தது. என் வாயில் வந்தது "ஆமா, ஆமா"தான். எட்டாம் வகுப்பில் வில்லுப்பாட்டு ஒத்திகையில் அவருக்கு இடத்தே, அதாவது பின்பாட்டுக்காரன் இடத்தில், உட்கார்ந்து நான் சொன்ன ஒரே வசனம் அது.

மாமூட்டு வகுப்பை, அந்த மாமரத்தடியைப் பற்றி, நம் பள்ளியில் படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். சாரின் தாத்தா சுடலைமாடன் கோயில் கொடைவிழாவுக்கு வில்லடித்த புலவர். சார் ஞாயிறு பூசையில் வாசகம் படிக்கிறவர். இதில் அவருக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை. அந்த வருஷ ஆண்டுவிழாவுக்குத் தேவசகாயம் கதையை வில்லில் பாட எங்களைத் தயார் செய்தார். தொடக்க வணக்கமான காப்பில் பிள்ளையார் இருந்த இடத்தில் மூவொரு கடவுள். குருவணக்கம், அவையடக்கம், கடைசியில் ஊருக்கெல்லாம் வாழி, எல்லாம் தாத்தா பாடின மாதிரியே.

1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன்தான் பிறகு தேவசகாயம். குளச்சலில் 1741இல் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் அவருக்குச் சொன்ன பைபிள் யோபு கதை. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், 1752 ஜனவரியில் காற்றாடிமலையில் துப்பாக்கிச்சூடு. எருமை மேல் ஏற்றி ஊர்சுற்றும் கட்டம் வந்தால் சார் வில்லை அடிக்கும் வீசுகோலைப் பைய விடுவார்; ஒன்றிரண்டு மணி மட்டும் கிலுங்கும். தேவசகாயம் புலியூர்க்குறிச்சிப் பாறையை முழங்கையால் இடித்துத் தண்ணீர் வரும்போது குடம் அதிரும்.

"மக்ளே, நம்ம ஊர்ல அநியாயமா வெட்டுப்பட்டுச் செத்தவன சனம் மறக்காது. வில்லு வச்சுப் பாடிரும். இவரும் அந்த வரிசதான்" என்பார்.

இந்தப் பேச்சு ஆபீஸ் வரை போயிற்று. ஒத்திகை நடக்கையில் பள்ளித் தாளாளர் கரஸ்பாண்டன்ட் வந்து, "பேய்க்கு அடிக்கிற வில்ல இங்க ஏன் கொண்டுவந்தீரு?" என்று எங்கள் முன்னால் வைத்தே கேட்டார். சார் எழுந்து, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து இறக்கிவிட்டு நின்றார். பதில் சொல்லவில்லை. வில்லு ஸ்டோர் ரூமுக்குப் போனது. ஆண்டுவிழாவில் இங்கிலீஷ் ஆக்‌ஷன் சாங். நல்ல கைதட்டல், அதையும் சொல்ல வேண்டும். மறைபரப்பு நாடுகளின் சொந்த இசை மரபுக்கு உரிய இடம் கொடுங்கள் என்று வத்திக்கான் சங்கம் 1963இலேயே சொல்லியிருந்தது. தபால் நம் ஆபீசுக்கு வந்து சேரவில்லை போல.

2022 மே 15, ரோமில் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம். ஊரில் குருசடி என்கிற சிலுவைக் கோயில் முன்னால் விடிய விடிய வில்லடி, கமிட்டியே காசு கொடுத்து வைத்தது. யாரோ அனுப்பிய வீடியோவில் சார் முன்வரிசை நாற்காலியில். வாய் அசைகிறது, பாடுகிறவரை விட அரை அடி முந்தி.

முழுக் கதையும் அவருக்கு மனப்பாடம். கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய நாங்கள் விசா வந்ததும் ஒவ்வொருத்தராகக் கிளம்பிவிட்டோம். அதற்கும் கரஸ்பாண்டன்டையே குறை சொல்ல முடியாது.

இங்கே தமிழ்ச் சங்க ஆண்டுவிழாவில் சார் நினைவாக வில்லடி வைக்கலாமா என்று செயலாளரிடம் கேட்டேன். பட்டிமன்றத்துக்கும் சினிமா டான்ஸுக்கும் நடுவில் 10 நிமிஷம் தருகிறாராம். 10 நிமிஷத்தில் காப்பும் குருவணக்கமும்தான் முடியும். நீலகண்டன் பிறந்திருக்கக்கூட மாட்டார்.